'நான் ரோபோ அல்ல' சோதனையும் உலாவி நீட்டிப்பும்

ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீடானாலும் நிபோங் திபால் தோட்டத்து வீடானாலும், மடிக்கணினி முன் உட்காரும் பெரியவர்கள் பிள்ளைகளைக் கூப்பிடும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: 'நான் ரோபோ அல்ல' என்ற கட்டம். மோட்டார் சைக்கிள் உள்ள படங்களையெல்லாம் தொடச் சொல்லும். (ஓட்டுபவரின் தலை பக்கத்துக் கட்டத்தில் இருந்தால் அதையும் தொட வேண்டுமா என்பது படித்தவர்களுக்கே குழப்பம்.) இந்தத் தொல்லை எதற்கு என்று, வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் உலாவியில் ஒரு நீட்டிப்பைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்.

கேப்ட்சா எனப்படும் இச்சோதனை, ஆள்போல் நடித்து நுழையும் தானியங்கி நிரல்களைத் தடுப்பதற்கானது. கூகள் 2009இல் வாங்கிய ரீகேப்ட்சாதான் நமக்கு அதிகம் பழக்கம். இதைக் கடக்க உதவும் நீட்டிப்புகள் இரண்டு வகை.

முதல் வகைக்கு 2017இல் வெளிவந்த 'பிரைவசி பாஸ்' உதாரணம். ஒருமுறை நீங்களே சோதனையில் தேறினால் சில டோக்கன்கள் கிடைக்கும். அடுத்த தடவை அதில் ஒன்றை நீட்டிப்பு கொடுத்துவிடும். கோவில் அன்னதானத்துக்குக் கொடுக்கும் பெயர் எழுதாத டோக்கன் போலத்தான். டோக்கன் உண்மையானது என்று தெரியும், யாருடையது என்று தெரியாது. இதை ஏற்கும் தளங்களில்தான் பலிக்கும். ஐபோனில் 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் இதே வேலையைச் செய்யும் வசதி உள்ளேயே இருக்கிறது, நீட்டிப்பு வேண்டாம்.

இரண்டாம் வகை, உங்களுக்குப் பதிலாக விடையைக் கண்டுபிடித்துப் போடுவது. கவலை இங்கேதான். எந்தப் பக்கத்தில் சோதனை வந்தாலும் வேலை செய்ய வேண்டும் என்பதால், நீங்கள் போகும் எல்லாத் தளங்களின் தகவலையும் படிக்கவும் மாற்றவும் அது அனுமதி கேட்கும். வங்கிப் பக்கமும், ஊழியர் சேமநிதிப் பக்கமும் அதில் அடக்கம். போட்ட அன்று நல்லதாக இருந்தால் போதுமா? 2024 டிசம்பரில் 'சைபர்ஹேவன்' என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் நீட்டிப்பையே திருடர்கள் கைப்பற்றி, கெட்ட நிரலைப் புதுப்பிப்பாக அனுப்பினார்கள். புதுப்பிப்பு தானாகவே இறங்கும் என்பதால் பயனர் எதையும் அழுத்தத் தேவையிருக்கவில்லை.

ஆகவே, வங்கி வேலை பார்க்கும் உலாவியில் இவ்வகை நீட்டிப்பு வேண்டாம் என்பதே நம் கருத்து. இருந்தே ஆகவேண்டுமென்றால், குரோம் நீட்டிப்புப் பக்கத்தில் அதன் அனுமதியைக் 'கிளிக் செய்தால் மட்டும்' என்று மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் குரோமில் நீட்டிப்பு சேர்க்கவே முடியாது. வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு அனுப்பி, "இதுதான் அந்த நீட்டிப்பு" என்று யாராவது சொன்னால், தொடாதீர்கள்.

சோதனை திரும்பத் திரும்ப வருகிறது என்று அம்மா சொன்னால், முதலில் விபிஎன் ஓடுகிறதா, கணினியின் தேதியும் நேரமும் சரியா, உலாவி பழையதா என்று பாருங்கள். பிறகு மறைநிலைச் சாளரத்தில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே நீட்டிப்புகள் வழக்கமாக இயங்கா. அங்கு சரியாக வந்தால் கோளாறு பெரும்பாலும் ஏதோவொரு நீட்டிப்பில் அல்லது பழைய குக்கியில்தான். நீட்டிப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் பிடிபடும்.

இப்போது போலிச் சோதனையும் வருகிறது. 'நீங்கள் மனிதர் என்று நிரூபிக்க விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தவும், பிறகு கண்ட்ரோலுடன் வி, பிறகு எண்டர்' என்று கேட்கும். உண்மையான சோதனை எதுவும் இப்படிக் கேட்காது. அந்த விசைகள், கடவுச்சொல் திருடும் நிரலை உங்கள் கையாலேயே ஓட்ட வைப்பவை. அழுத்திவிட்டால் உடனே இணையத்தைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கியையும், தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்ற எண்ணிலும் அழையுங்கள்.