எல்லையில் நிற்கும் மண்படை

பொம்மைச் சிப்பாய்க்கு வண்ணம் பூசி, பீடத்தில் நிறுத்தி, மேசைமேல் போர் நடத்துவதை ஐரோப்பியச் சமாச்சாரமாகவே எழுதி வருகிறார்கள். 1824இல் பிரஷ்ய ராணுவம் ரெய்ஸ்விட்ஸின் போர்விளையாட்டைப் பயிற்சியாக ஏற்றது. 1913இல் எச்.ஜி. வெல்ஸ் பொம்மைப் போருக்கு விதிநூல் எழுதினார். அடுத்த வருஷமே நிஜப்போர்.

நம்மூர் மண்படையை இந்த வரலாற்றில் எங்கே வைப்பது? புதுக்கோட்டைப் பக்கம் நமணசமுத்திரத்தில் ஐயனாருக்கு நேர்ந்த குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கண்மாய் மண் பிசைந்து, உறுப்பு உறுப்பாய் வனைந்து, சுட்டு, வண்ணம் தீட்டுபவர்கள் வேளார்கள். பெரிய குதிரை நாலு காலில் மட்டும் நிற்காது. வயிற்றுக்கடியில் முட்டு வேணும். பல கோயில்களில் பூசாரியும் அவர்களே.

வெல்ஸின் சிப்பாய் பெட்டிக்குள் திரும்பிவிடுவான். ஐயனார் குதிரை திரும்பாது. வெயிலிலும் மழையிலும் உடைந்து மண்ணாகும். அடுத்த புரவியெடுப்புக்குப் புதுசு வரும். ஆக, அருங்காட்சியகத்தில் ஒரு குதிரையைக் காப்பாற்றுவது கலையைக் காப்பாற்றுவதாகாது. காப்பாற்ற வேண்டியது கண்மாயையும், அதில் மண்ணெடுக்கும் குயவரின் உரிமையையும்தான். தாம்பரம், சிறுசேரி என்று ஏரியோரமெல்லாம் மனைகளாகிக்கொண்டிருக்கையில், எல்லைச்சாமிக்கு எல்லை எது? படைக்கு மண் எது?