வேலி மேய்ந்த குளம்

வெள்ளத்தில் நெல் போய்விடாமல் சிவபெருமான் வேலியிட்டுக் காத்ததால் திருநெல்வேலி என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. பிற்காலத்தில் இந்தச் சீமைக்கு இன்னொரு வேலியும் வந்து சேர்ந்தது. அது குளத்தையே மேய்ந்துவிட்டது!

வேலிகாத்தான் எனப்படும் சீமைக்கருவேலம்தான் அது. அமெரிக்கக் கண்டத்து மரம். அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில் 1877 வாக்கில் நட ஆரம்பித்தார்கள். விறகுப் பஞ்சம் தீரணும், வறண்ட மண்ணில் பச்சை தெரியணும். இரண்டும் நடந்தது. ஆனால், நட்ட இடத்தோடு மரம் நிற்கவில்லை. இனிப்பான நெற்றை ஆடு, மாடுகள் தின்றன. கெட்டித் தோல் விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து, போன இடமெல்லாம் முளைத்தது.

சரி, குளத்துக்குள் எப்படி நுழைந்தது? தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய்கள் பிரிந்து வரிசையாகக் குளங்களை நிரப்புகின்றன. வருஷா வருஷம் ஊரே கூடி வண்டல் அள்ளும், கரையை பலப்படுத்தும். அதுதான் குடிமராமத்து. அந்த வழக்கம் தளர்ந்தபோது, 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது ஆங்கிலேய அரசு. ஊர் தானாகச் செய்த வேலையைச் சட்டத்தால் வாங்க முடியுமா? குளங்கள் மேடாகின. தண்ணீர் நின்ற இடத்தில் கருவேலம் நின்றது.

2017-ல் மாநிலம் முழுக்க இதை அகற்றச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அதே ஆண்டு சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களுக்கு இதுதானே சோறு? அவசரமாக பொக்லைனை இறக்கினால், பறவை கூடு கட்டும் நாட்டுக் கருவேலமும் சேர்ந்து சாயும்.

2022-ல் தமிழக அரசு வெளியிட்ட அந்நியத் தாவரக் கொள்கை, அகற்றுவதோடு நிற்காமல் நம் மண்ணின் தாவரங்களை மீட்பதையும் சேர்த்தே பேசியது. நியாயம்தான். தரையோடு வெட்டினால் ஒரு மரம் பல கிளையாகத் துளிர்க்கும். வேர்க்கட்டையோடு தோண்டினாலும், மண்ணில் கிடக்கும் விதை வருஷக்கணக்கில் காத்திருக்கும். ஆகாயத்தாமரையும் அப்படித்தான். சாக்கடையை ஆற்றில் விட்டுக்கொண்டே அதை அள்ளினால், சில வாரத்தில் மறுபடி மூடிவிடும்.

ஆகவே, மரம் வெட்ட டெண்டர் விட்டால் மட்டும் போதாது. வெட்டிய குளத்தில் தண்ணீர் நிற்கணும். அடுத்த மழைக்கு முளைக்கிற கன்றைப் பிடுங்க ஆள் வரணும். அந்தக் காலத்தில் அந்த ஆளுக்குப் பெயர்தான் ஊர்!