வேகத்துக்கு ஒரு வேலி

நள்ளிரவில் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு பொதுச் சாலையில் பந்தயம் ஓடும் பிள்ளைகளை என்ன செய்வது? கமுந்திங்கானாலும் கோலாலம்பூரானாலும் பெற்றோரின் கவலை ஒன்றுதான். "பிடித்து உள்ளே போடு" என்கிறார்கள் சிலர். "வயசுக் கோளாறு, விட்டுவிடு" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமில்லாத மூன்றாவது வழியை அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தய வரலாறு காட்டுகிறது.

அங்கே மதுவிலக்கு 1933-இல் நீங்கிய பிறகும், தென் மாநில மலைப்பகுதிகளில் வரி கட்டாத சாராயம் காய்ச்சுவது நிற்கவில்லை. நம் தோட்டத்து மக்களுக்கு 'சம்சு' என்றால் புரியும். அந்தச் சரக்கைக் கடத்திய இளைஞர்கள் போலீசிடம் சிக்காமலிருக்கக் காரின் எஞ்சினைக் கூட்டினார்கள். பாரம் தெரியாமலிருக்க ஸ்பிரிங்கை இறுக்கினார்கள். 'யார் வண்டி வேகம்?' என்று தங்களுக்குள் பந்தயமும் ஓடினார்கள்.

இந்த வேகத்தை ஒழுங்குக்குள் கொண்டுவர, பில் பிரான்ஸ் என்பவர் முன்னின்று 1948-இல் 'நாஸ்கார்' அமைப்பைத் தொடங்கினார். 1949 ஜூன் 19-இல் சார்லட் நகரில், கடையில் வாங்கியபடியே உள்ள கார்களுக்கான முதல் பந்தயம் நடந்தது. முதலில் வந்தவர் கிளென் டனவே. சோதித்துப் பார்த்தால், பின்பக்க ஸ்பிரிங்கில் கடத்தல்காரர்களின் கைவேலை! வெற்றி பறிக்கப்பட்டு, அடுத்து வந்த ஜிம் ரோப்பருக்குப் போனது. கார் உரிமையாளர் வழக்குப் போட்டும் எடுபடவில்லை. விதி வென்றது.

அடுத்து 1959 பிப்ரவரி 22. புளோரிடா மாநிலத்தில் புதிதாகக் கட்டிய டேடோனா தடம். ஒரு சுற்று இரண்டரை மைல், மொத்தம் 200 சுற்று, 500 மைல். கடைசிக் கோட்டை லீ பெட்டி, ஜானி போஷாம்ப் இருவரும் ஒட்டியபடியே கடந்தார்கள். ஒரு சுற்று பின்தங்கியிருந்த ஜோ வெதர்லியின் காரும் பக்கத்திலேயே பாய்ந்ததால் குழப்பம் அதிகமானது. முதலில் போஷாம்ப்தான் வென்றார் என்றார்கள். பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை. பில் பிரான்ஸ் பத்திரிகைப் படங்களையும் செய்திப் படச் சுருள்களையும் வரவழைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள்தான் தீர்ப்பு: வென்றவர் பெட்டி! வித்தியாசம் சுமார் இரண்டு அடி. சாலையில் இப்படி நடந்திருந்தால் அடிதடியில் முடிந்திருக்கும். இங்கே படம் பேசியது.

இந்தக் களத்தில் ஒரு தமிழரும் இறங்கினார். கோவைக் குடும்பத்துப் பிள்ளையான நரேன் கார்த்திகேயன், திருப்பெரும்புதூர்ப் பந்தயத் தடத்தில் தொடங்கி, 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தின் முதல் இந்திய ஓட்டுநரானார். அதே ஆண்டு நம் செப்பாங்கில் 11-ஆவதாக வந்தார். 2010 மார்ச்சில், அரை மைல் சுற்றளவே உள்ள மார்ட்டின்ஸ்வில் நீள்வட்டத் தடத்தில், நாஸ்காரின் பிக்-அப் வண்டிப் பந்தயத்தில் ஓடி 13-ஆவது இடம் பிடித்தார். அந்த ஆண்டு அந்தப் பிரிவில் ரசிகர்களின் அபிமான ஓட்டுநர் விருதும் அவருக்கே. அவரும் தடத்தில்தான் வளர்ந்தார், தெருவில் அல்ல.

கமுந்திங் ராயா தொழிற்பேட்டையில் 2013 முதல் டோயோ நிறுவனம் டயர் தயாரிக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டி உலகத்துக்கு டயர் கொடுத்த பேராக் மண்ணில் இப்போது டயரே உருவாகிறது. ஆனால் செப்பாங் தடம் இங்கிருந்து பல மணி நேரப் பயணம். வேகத்தில் ஆசை வைத்த சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு சிறு தடமும், கண்டிப்பான விதியும், சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் வேண்டும். சாராயம் கடத்தியவர்களையே வீரர்களாக்க முடிந்ததென்றால், நம் பிள்ளைகளை ஆக்க முடியாதா?