ஓடுவது பொறியா, ஆளா?

கெலுகோரில் நம் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் இரு பிள்ளைகளுக்குத் தாய். பகலெல்லாம் அலுவல், மாலையெல்லாம் அடுக்களை. ஆயினும் விடியற்காலை ஐந்து மணிக்குத் தம் அடுக்குமாடிக் குடியிருப்பின் உடற்பயிற்சிக் கூடத்தில், டிரெட்மில் எனப்படும் ஓட்டப்பொறியின்மேல் ஏறி நாள் தவறாது ஓடி வருகிறார். பினாங்குப் பாலத்தின்மீது நடைபெறும் அரை மாரத்தான் ஓட்டத்திற்குப் பெயரும் கொடுத்துவிட்டார். இதனைக் கேட்ட அவருடைய கொழுந்தனார் நம் முன்னிலையிலேயே நகைத்து, "அண்ணி, அங்க ஓடுறது மிஷின்தான், நீங்க சும்மா குதிச்சிட்டு இறங்குறீங்க. ரோட்டுல ஓடிப் பாருங்க, அப்பத் தெரியும்" என்றார். அம்மையார் மறுமொழி யாதும் கூறவில்லை.

இதனை ஒரு வீட்டு வேடிக்கையென்று விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. இருள் பிரியாத வேளையில் ஒரு பெண் தனியே சாலையில் ஓடுவதென்றால் வண்டிகளுக்கும் நாய்களுக்கும் மட்டுமன்றி, ஊரார் நாவிற்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது. அவ்வச்சத்தை உண்டாக்கியவர்கள் அப்பெண்மணியல்லர். வெளியே ஓட இடங்கொடாத ஊரே, உள்ளே ஓடுவது ஓட்டமன்று என்று தீர்ப்பும் சொல்லுமாயின், அத்தீர்ப்பு எத்துணை உண்மையுடையது என்பதை ஆராயாமல் ஒப்புக்கொள்வது அறிவுடைமையாகாது.

முதற்கண் இப்பொறியின் பிறப்பை நோக்குவோம். இது சுகத்திற்காகப் பிறந்ததன்று, சிறைக்கூடத்திற் பிறந்தது. 1818-ஆம் ஆண்டில் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலப் பொறியியலார், கைதிகள் வாளா இருத்தலாகாது என்றெண்ணி, படிகள் பதித்த பெரியதோர் உருளையை அமைத்தார். கைதி ஒரு படியில் காலை வைத்தால் அது கீழே இறங்கும். விழாதிருக்க வேண்டுமானால் அடுத்த படியில் ஏறியே ஆகவேண்டும். 1821-இல் இலண்டன் நகரின் பிரிக்ஸ்டன் சிறையில் இவ்வுருளை நிறுவப்பட்டதும் அதன் பெயர் எங்கும் பரவிற்று. சில சிறைகளில் அது தானியம் அரைத்தது; சிலவற்றில் எதனையும் அரைக்கவில்லை. வெறுங்காற்றை அரைப்பதற்காகவே மனிதர் நாள்தோறும் மணிக்கணக்காக ஏறினர். நாடறிந்த எழுத்தாளராகிய ஆஸ்கார் வைல்டும் 1895-இல் கடுங்காவல் பெற்றபோது இதனை மிதித்தவரே. 1898-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்திற்குப் பின்னரே பிரிட்டனில் இக்கொடுமை ஒழிந்தது.

நியூயார்க் சிறையொன்றில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்டி என்பார் 1824-இலேயே ஒரு கருத்தை எழுதி வைத்தார். இத்தண்டனையின் அச்சம் அதன் கடுமையில் இல்லை, மாறாத ஒரே தன்மையில்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். நம் கேள்விக்குரிய விடையில் ஒரு பாதி இதிலேயே அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம்.

தமிழர்க்கு இது புதிதன்று. வ. உ. சிதம்பரனார் 1908-இல் கோயமுத்தூர்ச் சிறையில் அடைக்கப்பட்டு, மாட்டிற்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டார். எத்தனை காதம் நடந்தாலும் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும் நடை அது. அச்செக்கு இன்றும் சென்னைக் கிண்டியில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே தமிழ்நாட்டு உழவன், ஏற்ற மரத்தின்மேல் நின்று முன்னும் பின்னுமாக நாள் முழுதும் நடந்து நீர் இறைத்தான். அதுவும் இடம்பெயராத நடையே. அவனோ சால்களை எண்ணிப் பாடிக்கொண்டே நடந்தான்; அவன் மிதித்த மிதி அவன் பயிருக்கு நீராயிற்று. இக்காலத்தார் செவியில் இசைக்கருவியைச் செருகிக்கொண்டு பொறிமேல் ஓடுவதைக் காணுந்தோறும் நமக்கு அந்த ஏற்றப்பாட்டுத்தான் நினைவிற்கு வருகிறது.

சிறையை விட்டு நீங்கிய பொறி ஆராய்ச்சிக் கூடத்திற் புகுந்தது. பெர்லினில் நாதன் சூன்ட்ஸ் என்னும் உடலியல் அறிஞர் 1889-இல் ஓடும் வார்ப்பட்டை கொண்ட பொறியொன்றை அமைத்து, நடக்கும் உயிர்கள் எவ்வளவு மூச்சுக்காற்றைச் செலவிடுகின்றன என்று அளந்தார். 1963-இல் அமெரிக்க மருத்துவர் இராபர்ட் புரூஸ், மூன்று நிமிடத்திற்கொருமுறை வேகத்தையும் சரிவையும் உயர்த்தி இருதயத்தைச் சோதிக்கும் முறையை வெளியிட்டார்; பினாங்கு மருத்துவமனைகளில் நம்மவர் பலர் அச்சோதனைக்கு உட்பட்டே இருப்பர். 1968-இல் கென்னத் கூப்பர் எழுதிய உடற்பயிற்சி நூலைக் கண்ட வில்லியம் ஸ்டாப் என்னும் இயந்திர வல்லுநர், வீட்டில் வைத்தற்கேற்ற மலிவான பொறியைச் செய்தார். கைதியை வருத்தியதன் பேரனை இன்று நாம் பணங்கொடுத்து வாங்குகிறோம்.

இனி, கொழுந்தனார் வாதத்திற்கு வருவோம். வார்ப்பட்டை பின்னோக்கி ஓடுவதால் கால் தானே இழுபட்டுப் போகிறதென்றும், ஆள் உழைக்க வேண்டுவதில்லையென்றும் எண்ணுவோர் பலர். சீராகச் செல்லும் கப்பலின் உள்ளறையில் இருப்பவனுக்குக் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று அங்கு நிகழும் எவ்வசைவைக் கொண்டும் தெரியாது என்று கலிலியோ 1632-இலேயே விளக்கினார். அவ்வாறே, பட்டை ஒரே வேகத்தில் ஓடுமளவும், கால் தரையைத் தள்ளிச் செல்வதற்கும் தரை காலின்கீழ் நகர்வதற்கும் இயக்கவியலில் வேறுபாடில்லை. ஒவ்வோரடியிலும் உடலை மேலே எழுப்பித் தாங்கி இறக்க வேண்டிய உழைப்பு இரண்டிடத்தும் ஒன்றே. ஓடாமல் நின்றாலோ, பொறி நம்மைப் பின்னே கொண்டுபோய்த் தள்ளிவிடும். அதனை ஒருமுறை அனுபவித்தவர் "பொறி தானே ஓட்டுகிறது" என்று சொல்லார்.

மெய்யான வேறுபாடு காற்றில் இருக்கிறது. வெளியே ஓடுபவன் காற்றைக் கிழித்துச் செல்ல வேண்டும். பொறிமேல் ஓடுபவனுக்கு அது இல்லை. 1953-ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவிற் சென்ற உடலியலாளர் கிரிஃபித் பியூ, 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனை அளந்து, நடுத்தூர ஓட்டக்காரரின் வேகத்தில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு ஆற்றல் காற்றோடு போராடுவதிற் கழிகிறதென்று கண்டார். 1996-இல் ஜோன்ஸ், டவுஸ்ட் என்னும் இரு ஆய்வாளர், பயிற்சி பெற்ற ஒன்பது ஆடவரைச் சாலையிலும் பொறியிலும் ஓடச் செய்து மூச்சை அளந்தனர். மணிக்கு 10.5 முதல் 18 கிலோமீட்டர் வரையுள்ள வேகங்களில், பொறியை நூற்றுக்கு ஒரு பங்கு சரிவாக உயர்த்தினால், அதாவது நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றமாக வைத்தால், சாலையின் உழைப்பும் பொறியின் உழைப்பும் ஒத்துவிடுகின்றன என்பது அவர்கள் முடிபு. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஆகவே நம் அம்மையாரைப் போல் மணிக்கு எட்டு கிலோமீட்டர் ஓடுவோர்க்கு அந்த ஏற்றமும் பெரிதாக வேண்டுவதில்லை.

ஒரு பக்கம் பேசியாயிற்று. மறு பக்கமும் பேசுவதே முறை. கெலுகோரின் நிலம் பட்டைபோற் சமதளமன்று. முன்னாளில் பட்டாளத்தார் தங்கிய மிண்டன் மேட்டில், 1969-இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இன்று விளங்குகிறது. அதன் ஏறுபாதைகளில் ஓடினவர்க்குக் கெண்டைக்கால் அறியும் செய்தியைப் பொறி அறிவிக்காது. இறக்கம், திருப்பம், கல், குழி, மழை வழுக்கல் ஆகியவற்றுக்குக் கால் தானே பழக வேண்டும். 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பாலத்தின்மேல் கடற்காற்று வீசும்போது விசை எதிர்ப்பக்கமிருந்து வருவதும் மெய்யே. சாதாரண நாட்களில் அதன்மேல் கால்நடையாகச் செல்ல இடமில்லையாதலின், ஓட்டத்தன்றுதான் எவரும் அதனை அறிய இயலும்.

ஆனால் வெப்பமோ பொறியின் பக்கத்திற் கடுமையாகிறது. வெளியே ஓடுபவன் தன் வேகத்தாலேயே தனக்கொரு தென்றலை உண்டாக்கிக்கொள்கிறான். பொறிமேல் நிற்குமிடத்தில் காற்று அசையாது. நம் தீவின் ஈரக்காற்றில் வியர்வை உலர்வதே அரிது. அசைவற்ற அறையில், குளிர்சாதனமும் விசிறியும் இல்லையாயின், அது வழிந்து சிந்துமேயன்றி உடலைக் குளிர்விக்காது. மேலும், ஹார்டி சொன்ன அந்த மாறாத்தன்மை மனத்தின்மேல் உட்கார்ந்துவிடுகிறது. வேகக்கணக்கை மறைத்து, விருப்பம்போல் ஓடுக என்று விட்டால், மக்கள் பொறிமேல் வெளியிடத்தைவிட மெதுவான வேகத்தையே தெரிந்தெடுப்பதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. எளிது என்று சொல்லப்படுவது உள்ளத்திற்கு அரிதாகத் தோன்றுகிறது!

பொறியிற் பயின்றவர் சாலையில் வெல்வரோ என்று கேட்பார்க்கு ஒரு சான்று போதும். அலாஸ்காவில், ஆங்கரேஜ் நகரில் வாழ்ந்த கிறிஸ்டின் கிளார்க் என்னும் மருத்துவ அம்மையார், இரு பிள்ளைகளின் தாய். பனியும் இருளும் மூடிய மாதங்களில் தம் பயிற்சியின் பெரும்பகுதியை வீட்டுப் பொறியிலேயே செய்தார். 2000-ஆம் ஆண்டு, வெம்மை மிகுந்த தென் கரோலினாவில் நடந்த ஒலிம்பிக் தேர்வு மாரத்தானில், எவரும் எதிர்பாராவண்ணம் 2 மணி 33 நிமிடத்தில் முதலாவதாக வந்து, அமெரிக்காவின் சார்பில் சிட்னிக்குச் சென்றார். சூடான அறையில் ஓடிய பழக்கம் அவருக்கு வெயிலில் துணைநின்றது. பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் என்பதே 1984-இல்தான் முதன்முதல் வைக்கப்பட்டது என்பதையும், அதுவரை பெண்ணுடல் இத்துணைத் தூரம் தாங்காது என்று படித்தவர்களே சொல்லி வந்தார்கள் என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறோம்.

இவற்றையெல்லாம் நாம் கொழுந்தனாரிடம் எடுத்துரைத்தோம். அவர் நம்பவில்லை, நம்பாததில் தவறுமில்லை, சோதித்துப் பார்ப்பதே நேர்மை. மறுநாட் காலை அண்ணியாரே அவரைப் பொறிமேல் ஏற்றி, தாம் நாள்தோறும் ஓடும் வேகத்தை வைத்து, நூற்றுக்கு ஒன்று உயர்த்தியும் விட்டார். கொழுந்தனார் பன்னிரண்டாம் நிமிடத்தில் இறங்கி, இங்கே விசிறி இல்லையா என்று கேட்டார். அம்மையார் தம் துண்டை அவரிடம் கொடுத்துவிட்டு, எஞ்சிய நாற்பது நிமிடத்தை ஓடி முடிப்பதற்காகப் பொறிமேல் ஏறினார்.