செலெம்பாங் மேரா இயக்கம்

செலெம்பாங் மேரா என்பது, 1945ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மலாயாவின் ஜொகூர் மாநிலத்தில், பத்து பகாட், மூவார் வட்டாரங்களைச் சேர்ந்த மலாய்க் கம்பத்து (சிற்றூர்) மக்கள் தங்களுக்குள் திரட்டிக்கொண்ட ஆயுதப் படையாகும். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக அணிந்த சிவப்புத் துணி அதன் அடையாளமாக இருந்தது. இறைவழியில் போரிடுவோர் என்னும் பொருள்படச் ‘சபிலில்லா படை’ என்ற பெயரும் அதற்கு உண்டு. பத்து பகாட்டின் சிம்பாங் கிரி பகுதியைச் சேர்ந்தவரும், ‘கியாய்’ எனப்படும் சமய ஆசானுமான சாலே பின் அப்துல் கரீம் அதன் தலைவர். மக்கள் அவரைக் கியாய் சாலே என்றும், படைத்தலைவர் என்னும் பொருளில் பாங்லிமா சாலே என்றும் அழைத்தனர்.

பத்து பகாட்டின் கடலோரத் தாழ்நிலத்தில் சாவகத்திலிருந்தும், போர்னியோவின் தென்பகுதியான பாஞ்சாரிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் ‘பாரிட்’ எனப்படும் வடிகால்களை வெட்டிச் சதுப்பைத் தோப்புகளாக்கினர். அந்த வடிகால்களின் பெயர்களையே ஊர்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. பட்டணத்துக் கடைத்தெருக்களிலும் ரப்பர் நிலங்களிலும் சீனர் வாழ்ந்தனர். இரு சாராரும் நெருங்கிப் பழகவில்லை என்றாலும், போருக்கு முன் ஒருவரையொருவர் கூட்டமாக வெட்டிக் கொன்றதில்லை. ஆகவே 1945இல் நிகழ்ந்ததைத் தலைமுறைப் பகை வெடித்ததாகக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. மூன்றரை ஆண்டு சப்பானிய ஆட்சி விதைத்த அச்சமே அதன் வேர்.

1942 தொடக்கத்தில் சப்பானியர் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் சீனரைப் பெருந்தொகையில் கொன்று குவித்தனர். உயிர் தப்பிய இளைஞர் பலர் காட்டுக்குள் சென்று, மலாயாப் பொதுவுடைமைக் கட்சி நடத்திய மலாயா மக்கள் சப்பானிய எதிர்ப்புப் படையில் சேர்ந்தனர். அப்படையின் தொப்பியிலிருந்த மூன்று நட்சத்திரங்கள் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவினத்தாரையும் குறித்தன. மலாய்க்காரர் அதனை ‘பிந்தாங் தீகா’ என்றனர். ஆனால் படையினரில் மிகப் பெரும்பான்மையோர் சீனரே. மறுபுறம், மாவட்ட அதிகாரிகளாகவும் காவலர்களாகவும் இருந்த மலாய்க்காரரைச் சப்பானியர் பதவியில் வைத்துக்கொண்டு, அந்தக் காவலர்களையே காட்டுப் படைக்கு எதிராக ஏவினர். காட்டிலிருந்தோர் பார்வையில் மலாய்க் காவலர் துரோகியானார். கம்பத்து மக்கள் பார்வையில் காட்டுப் படை அந்நியரின் படையானது. இதே ஆண்டுகளில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம்-பர்மா இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்டனர். வேறு பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். ஜொகூரில் பின்னர் மூண்ட மோதலில் தமிழர் ஒரு தரப்பாக இருக்கவில்லை.

போரின் இறுதிக் கட்டத்தில் எதிர்ப்புப் படை கம்பங்களிலும் வரியும் உணவுப்பொருளும் தண்டியது. சப்பானியருக்கு உதவியவர்கள் எனக் கருதப்பட்ட மலாய்க்காரரைப் பிடித்துத் தண்டித்தது. 1945 மே மாதம் முதல் பத்து பகாட், மூவார் பகுதிகளில் மோதல்கள் மூண்டன. கியாய் சாலேயின் பெயர் பரவியது இச்சூழலில்தான். எதிர்ப்புப் படையிடம், பிரித்தானியரின் 136ஆம் படைப்பிரிவு வானூர்திகளிலிருந்து இறக்கிய துப்பாக்கிகள் இருந்தன. கம்பத்து மக்களிடம் இருந்தவையோ பாராங் என்னும் நீண்ட வெட்டுக்கத்திகள். இந்த ஏற்றத்தாழ்வை ஈடுசெய்தது சமயப் பயிற்சி. சாலே தம்மிடம் வந்தவர்களுக்கு நோன்பும், குர்ஆனின் யாசீன் அத்தியாய ஓதலும், இறைநாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ரும் கற்பித்து, கத்தியையும் சிவப்புத் துணியையும் ஓதிக் கொடுத்தார். இவற்றை முறையாகக் கைக்கொண்டவர் உடலைக் குண்டும் கத்தியும் துளைக்காது என்பது நம்பிக்கை. மலாய் மொழியில் அதற்குக் ‘கெபால்’ என்று பெயர். காதிரியா என்னும் சூஃபி மரபின் தொடர்பு இப்பயிற்சிகளுக்கு இருந்தது. இதனை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. ஆனால் துப்பாக்கிக்கு எதிரே கத்தியோடு நிற்க வேண்டியிருந்த உழவர்களுக்குக் கட்டுப்பாட்டையும் துணிவையும் தந்தது அதுவே.

1945 ஆகஸ்ட் 15இல் சப்பான் சரணடைந்ததற்கும், செப்டம்பரில் பிரித்தானிய இராணுவ நிர்வாகம் அமைந்ததற்கும் இடைப்பட்ட வாரங்களில் மலாயாவின் பெரும்பகுதியில் அரசு என்று ஒன்று இல்லை. எதிர்ப்புப் படையினர் பல ஊர்களுக்குள் வந்து மக்கள் நீதிமன்றங்கள் நடத்தித் தண்டனை வழங்கினர். செலெம்பாங் மேரா அணியினர் சீனக் குடியிருப்புகளைத் தாக்கினர். இரு பக்கமும் மாண்டோரில் ஆயுதம் ஏந்தாதவர்கள் ஏராளம். பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர், சீனக் குடும்பங்கள் நாட்டுப்புறத்தை விட்டுப் பட்டணங்களுக்கு ஓடின. தற்காப்புக்காகத் தோன்றிய படை என்பது உண்மை. அந்தத் தற்காப்பு, போருக்குத் தொடர்பே இல்லாத அண்டை வீட்டாரையும் பகைவராக எண்ணி வெட்டியது என்பதும் அதே அளவு உண்மை. நெகிரி செம்பிலானின் பாடாங் லெபாரிலும் பேராக்கின் பெக்கோரிலும் பின்னர் நடந்த படுகொலைகள், கலவரம் ஜொகூரோடு நிற்கவில்லை என்பதைக் காட்டின.

மத்திய ஆப்பிரிக்காவின் அண்மைக்கால மோதல்களோடு இதற்கு நெருங்கிய ஒற்றுமை உண்டு. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் 2013 மார்ச்சில் பெரும்பாலும் முஸ்லிம்களைக் கொண்ட செலேகா கிளர்ச்சியாளர் ஆட்சியைப் பிடித்த பின், அவர்களின் கொடுமைகளை எதிர்த்து எழுந்த ஆன்டி-பலாக்கா அணியினர் காப்புத் தாயத்துகளை அணிந்துகொண்டு போரிட்டனர். விரைவில் முஸ்லிம் பொதுமக்கள் மீதே பாய்ந்தனர். கிழக்குக் கொங்கோவின் மாய்-மாய் குழுக்களும் உடலைக் குண்டு துளைக்காமல் காக்கும் சடங்குகளை நம்பின. வெவ்வேறு சமயங்களையும் கண்டங்களையும் சேர்ந்த இப்படைகள், அரசின் காவல் அற்றுப்போன நாட்டுப்புறங்களிலேயே வளர்ந்தன.

ஜொகூரின் போக்கு மாறியதற்கு ஓன் பின் ஜாபார் முக்கியக் காரணம். பத்து பகாட்டின் மாவட்ட அதிகாரியாக இருந்த அவர், கியாய் சாலேயோடு நேரில் பேசிப் பட்டணத்துச் சீனர் மீதான தாக்குதலைத் தடுத்தார். இரு இனத் தலைவர்களையும் சமாதானப் பேச்சுக்கு அழைத்தார். 1945 டிசம்பர் 1இல் எதிர்ப்புப் படை கலைக்கப்பட்டபோது, மலாய்க்காரரின் கவலை வேறொரு பக்கம் திரும்பியிருந்தது: சுல்தான்களின் இறைமையைப் பறித்துப் பிறருக்கும் தாராளமாகக் குடியுரிமை வழங்கும் மலாயா ஒன்றியத் திட்டத்தைப் பிரித்தானியர் அறிவித்திருந்தனர். 1946 ஜனவரியில் ஓன் தொடங்கிய ஜொகூர் தீபகற்ப மலாய் இயக்கம் பத்து பகாட்டில்தான் வேர்விட்டது. கம்பந்தோறும் சாலேக்கு இருந்த செல்வாக்கு ஓனின் பக்கம் சேர்ந்தது. அவ்வாண்டு மே 11இல் ஜொகூர் பாரு அரண்மனையில் அம்னோ என்னும் ஐக்கிய மலாய் தேசிய அமைப்பு பிறந்தது. ஓன் அதன் முதல் தலைவரானார். 1948 பிப்ரவரி 1இல் ஒன்றியத்தின் இடத்தில் மலாயாக் கூட்டரசு வந்தது. ஆயுதக் கூட்டத்தை ஒடுக்காமல், அதன் ஆற்றலை மனு, பேரணி, புறக்கணிப்பு ஆகியவற்றின் பக்கம் திருப்பியது ஓனின் பெருஞ்சாதனை. ஆயினும் அந்த அரசியல் ஓர் இனத்தின் அச்சத்தின் மீது எழுந்தது என்பதையும் மறைக்க இயலாது.

இனப்பிளவு முழுமையானதாகவும் இருக்கவில்லை. 1950 பிப்ரவரி 23இல் மூவார் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கெப்போங் காவல் நிலையத்தைத் தாக்கிய பொதுவுடைமைக் கொரில்லாக்களோடு தொடர்புடையவராக 1953இல் தூக்கிலிடப்பட்ட மாட் இண்டெரா, பத்து பகாட்டைச் சேர்ந்த மலாய்ச் சமய ஆசிரியர்.

கியாய் சாலேயின் சமயப் பின்னணியைச் சையது முகமது நகீப் அல்-அத்தாஸ் 1963இல் வெளிவந்த தம் சூஃபி ஆய்வில் பதிவு செய்தார். 1945ஆம் ஆண்டு மோதல்களை முழுமையாக ஆராய்ந்தவர் வரலாற்றாசிரியர் சியா பூன் கெங், அவரது நூல் 1983இல் வந்தது. மலாய்ப் பொதுநினைவில் சாலே வீரராகவே நிலைத்துள்ளார். வீடிழந்து ஓடிய சீனக் குடும்பங்களின் நினைவுகள் அந்நினைவோடு ஒருங்கே வைத்து எழுதப்பட வேண்டியவை.