தெருப் பூனைக்குட்டியைப் பழக்குதல்

மனிதர் கைபடாமல் தெருவில் பிறந்து வளர்ந்த பூனைக்குட்டியை ஆட்களுக்கும் வீட்டுக்கும் பழக்கும் முறை. இதில் வயதுதான் முதல் கணக்கு. பிறந்த 2 முதல் 7 வாரங்களுக்குள் கையாளப்பட்ட குட்டிகள் மனிதரிடம் எளிதில் ஒட்டிக்கொள்வதை அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லீன் கார்ஷ் 1980களில் நடத்திய ஆய்வுகள் காட்டின. தினமும் 15 நிமிடம் கையாளப்பட்டவற்றைவிட 40 நிமிடம் கையாளப்பட்டவை நெருக்கமாகப் பழகின.

குட்டியின் சீறல் கோபமல்ல, பயம்.

முதலில் ஒரு சிறிய அறை போதும். வீடு முழுவதையும் திறந்துவிட்டால் குட்டி பீரோவுக்கு அடியில் புகுந்துகொள்ளும். ஒளிய ஓர் அட்டைப்பெட்டி, மணல் தட்டு, தண்ணீர் வேண்டும். பிறகு உணவுதான் தூது. உப்பில்லாமல் வேகவைத்து மசித்த கோழிக்கறியை நீளக் கரண்டியில் நீட்டினால், காதை மடக்கிக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டி ஒருமுறை நக்கும், உடனே பின்வாங்கும். அவசரப்படாமல் நாளுக்கு நாள் கரண்டியின் நீளத்தைக் குறைத்துவந்தால் விரலிலிருந்தே தின்னும். அப்போது கன்னத்தை மெல்லத் தடவலாம். தலைக்கு மேலிருந்து கை இறங்கக் கூடாது. உற்றுப் பார்ப்பதும் மிரட்டலே. கண்ணை மெதுவாக மூடித் திறப்பவரைப் பூனைகள் கூடுதலாக நெருங்குவதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020இல் பதிவுசெய்தது.

கால்நடை மருத்துவர் பார்க்கும்வரை வீட்டுப் பூனைகளிடமிருந்து பிரித்து வைப்பது கட்டாயம். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மனிதரிடம் பழகாமலே வளர்ந்துவிட்ட பூனையை அடைத்து வதைப்பதைவிட, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதன் இடத்திலேயே விடுவது நல்லது. அப்படி விடப்பட்டதற்கு அடையாளமாகக் காது நுனி சிறிது வெட்டப்படும்.