முதலாளி வீடு எங்கே இருக்கு?

இன்னைக்கு 1802-க்குப் போறோம். அமெரிக்காவின் டெலவேர் மாநிலம், பிராண்டிவைன் ஆற்றங்கரை. பிரான்ஸிலிருந்து வந்த எலூதேர் இரேனே டு பான்ட் அங்கே ஒரு வெடிமருந்து ஆலை தொடங்குறார். இன்னைக்கு நமக்குத் தெரிஞ்ச டியூபான்ட் கம்பெனியோட ஆரம்பம் அதுதான்.

வெடியுப்பு, கந்தகம், கரி. மூணையும் கலந்து அரைக்கணும். நடுவுல ஒரு தீப்பொறி பறந்தா போதும், கதை முடிஞ்சது.

அவர் கட்டிய ஆலைகளைப் பாருங்க. மூணு பக்கம் தடிமனான கல் சுவர். ஆற்றைப் பார்த்த பக்கமும் கூரையும் மட்டும் லேசான கட்டுமானம். வெடிச்சா அதோட வேகம் ஆத்துப் பக்கம் போயிடும், பக்கத்து ஆலை தப்பிக்கும். ஒரு சர்வர் விழுந்தா மத்த சர்வர்கள் விழக்கூடாதுன்னு நாங்க டிசைன் பண்றோமே, அதே யோசனைதான்.

ஆனா உள்ளே நிக்கிற ஆள்? அவரும் ஆத்துப் பக்கம்தான் போவார். ஒருத்தர் வெடிவிபத்துல இறந்தா, 'ஆத்தைத் தாண்டிட்டார்'னு தொழிலாளர்கள் சொல்வாங்களாம். அந்தச் சுவர் காப்பாத்தினது கட்டடத்தை, அதாவது பணத்தை.

மனுஷங்களைக் காப்பாத்த வேற வழி வேணும். தீப்பெட்டிக்குத் தடை. இரும்பு ஆணி அடிச்ச செருப்புக்குத் தடை. இதெல்லாத்தையும் விட முக்கியமான விதி ஒண்ணு இருந்தது: புதுசா கட்டின, இல்ல திரும்பக் கட்டின ஆலைக்குள்ள, நிர்வாகத்தின் மேல்மட்டத்துல ஒருத்தர் தானே இயக்கிக் காட்டின பிறகுதான் தொழிலாளி நுழையணும். முதலாளி குடும்பத்தோட வீடும் ஆலைக்கு மேலே, குன்றுலேயே இருந்தது.

1818-ல் ஒரு பெரிய வெடிவிபத்து. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. முதலாளியோட மனைவி சோஃபிக்கும் காயம். இறந்தவங்களோட மனைவிகளுக்குக் கம்பெனி ஓய்வூதியம் கொடுத்தது. கொடுத்தே ஆகணும்னு அப்போ சட்டம் கிடையாது. அமெரிக்க மாநிலங்கள்ல தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் பரவலா வந்ததே 1910-களில்தான். ஆனா ஓய்வூதியம் கொடுக்க ஆரம்பிச்சதும், விபத்து கம்பெனியோட கணக்குப் புத்தகத்துல ஒரு செலவா உட்கார்ந்துடுச்சு. அதுக்கப்புறம் பாதுகாப்புங்கிறது கருணை மட்டுமில்ல, சிக்கனமும்கூட.

இதனால விபத்தே நடக்காம போயிடுச்சா? இல்லை. 1857-ல் அவரோட மகன் அலெக்ஸிஸ் ஆலை வெடிச்சு இறந்தார். 1884-ல் பேரன் லாமோட், நியூஜெர்சியில் டைனமைட் ஆலை வெடிச்சு இறந்தார். ஆபத்து மிச்சம் இருந்தது. ஆனா அது தொழிலாளிக்கு மட்டும்னு ஒதுக்கி வைக்கப்படலை.

என் முதல் வேலையில, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடை ரிலீஸ் பண்ணிட்டு நாங்க வீட்டுக்குப் போயிடுவோம். ராத்திரி போனை எடுக்கிறது வேற டீம். ஒருநாள் அந்தப் போனை எங்க கையில கொடுத்தாங்க. யாரும் விதி போடலை, வெள்ளிக்கிழமை ரிலீஸ் தானா நின்னுபோச்சு. அங்கே போனது எங்க தூக்கம் மட்டும்தான். ஆலையில போறது உயிர்.

அடுத்த முறை ஒரு பட்டாசு ஆலை விபத்துச் செய்தி படிக்கும்போது, எத்தனை பேர் இறந்தாங்கன்னு பார்த்துட்டு அடுத்த செய்திக்குத் தாண்டிடாதீங்க. அந்தச் சத்தம் முதலாளி வீட்டுல கேட்டிருக்குமான்னும் கேளுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.